வெள்ளிக்கிழமை கறுப்பு, ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்

கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் ஒரு தடவையாவது என் மனைவி அருள்மொழியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று போன ஆனி மாதம் முடிவெடுத்தேன். என்ன குற்றத்துக்கு என்று அப்போது எனக்கே தெரியாது. குற்றம் கிடைத்ததும் பிடிப்பது என்பதுதான் திட்டம்.

காரணம் இருக்கிறது. இத்தனை வருஷமும் மாட்டிக்கொண்டது நான்தான். எண்ணெய்ப் பலகாரமே கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ரெண்டே ரெண்டு போண்டா தின்றேன். சட்டைப் பையில் பட்ட எண்ணெயைப் பார்த்தே கண்டுபிடித்தாள். அவள் சித்தப்பா மகன் காதுகுத்துக்குப் போகாமல் தப்பிக்க, தெர்மாமீட்டரை டீ டம்ளரில் முக்கிக் காய்ச்சல் காட்டினேன். அதன் நுனியில் ஒட்டியிருந்த டீத்தூளை விரலால் எடுத்து என் நெற்றியில் பொட்டாக வைத்துவிட்டு, சட்டையை எடுத்துப் போடச் சொன்னாள். இப்படிப்பட்ட ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறேன்.

ஒரே ஒரு பொய் மட்டும் ரெண்டு வருஷமாக மாட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நான் கடலூரில் ஓர் உரக் கம்பெனியின் கிளை ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீடு வண்டிப்பாளையம். மகள் வெளியூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். சனிக்கிழமை எனக்கு லீவு என்று பேர். ஆனால் காலை ஏழு மணிக்கே அருள்மொழியை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போயாக வேண்டும். அங்கே என் மாமியார் தில்லையம்மாள் தனியாக இருக்கிறார். தங்கமான மனுஷி. என்ன, வாரம் பூராவும் என் பேரில் வேலையைச் சேர்த்து வைப்பார். மொட்டைமாடி டேங்க் கழுவ வேண்டும். ஃபேன் துடைக்க வேண்டும். பரணிலிருந்து அண்டாவை இறக்க வேண்டும், அடுத்த வாரம் அதே அண்டாவை ஏற்ற வேண்டும். நடுநடுவே ஒரு வாரத்து சீரியல் கதையையும் கேட்டுக்கொண்டே ஏணியில் நிற்க வேண்டும்.

அதனால்தான் ஒருநாள், ஆபீசில் எனக்குச் சனிக்கிழமைதோறும் குமராட்சியில் விவசாயிகள் முகாம் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். குமராட்சியைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. சிதம்பரத்தையும் தாண்டி, கொள்ளிடம் பக்கம் இருக்கிறது. சுற்றிலும் வயல். வண்டி இல்லாதவர்கள் மினி பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். யாரும் என்னைத் தேடிக்கொண்டு வர மாட்டார்கள்.

"அப்ப போற வழியில என்னை அம்மா வீட்டுல எறக்கி உட்டுடுங்க மாமா" என்றாள் அருள்மொழி.

"எப்படி எறக்குறது? பின்னால உர சாம்பிள் மூட்டைய இல்ல கட்டிட்டுப் போவணும்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. இருபத்தோரு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சொன்ன ஒரே சரி அது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும், ஆகவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நான் தேவனாம்பட்டினத்தில் என் நண்பன் சிங்காரம் வீட்டு மாடியில் இருப்பேன். கேரம் போர்டு, கடல் காற்று, மத்தியானம் ஒரு தூக்கம். அஞ்சு மணிக்குக் கிளம்பும்போது பேன்ட்டில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனால் கத்திரிக்காய் கொத்சு தயாராக இருக்கும். "உங்கம்மா வெக்கிற கொத்சு என்னா கொத்சு, உன் கை கொத்சுதான் கொத்சு" என்பேன். "அப்படியா மாமா" என்று அவளும் இன்னொரு கரண்டி போடுவாள். இந்த ஒரு நாளை நம்பித்தான் நான் மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

ப்ளக் விவகாரம் ஆரம்பித்ததும் அந்த மாடியில்தான். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கேரம் போர்டு நனைந்துவிட்டது. பொழுது போகாமல் போனைத் தடவியபோது ஒரு வீடியோ வந்தது. ஒரு மெக்கானிக் என்ஜினிலிருந்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி, வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல அதன் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்த வண்டிக்கு என்ன கோளாறு, ஓட்டுகிறவன் எப்படி ஓட்டுகிறான் என்று எல்லாம் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

விஷயம் சிம்பிள். பொறி வருகிற இடத்தில் வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் அதன் நிறத்தில்தான். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி, காற்று கம்மி. இல்லாவிட்டால் வண்டி பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு உடனே திரும்புகிறது என்று அர்த்தம். ப்ளக் சரியாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால் கரி எரியாமல் அப்படியே தங்கிவிடும். கறுப்பு ஈரமாகப் பளபளத்தால் என்ஜின் ஆயில் மேலே ஏறுகிறது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு தாங்காமல் என்ஜின் போய்விடும். டீயில் நனைக்கிற பிஸ்கட் நிறத்தில் இருந்தால் மட்டும் உடம்பு சொஸ்தம். ஒரு சுண்டு விரல் உயரத்துக்கு இருக்கிற சாமானுக்குள் இவ்வளவு சமாச்சாரமா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

முதல் நோயாளி பக்கத்து வீட்டு கார்த்திகேசன். ஆலை வேலையில் ரிட்டயரானவர். அவருடைய ஸ்கூட்டரிலிருந்து நீலப் புகை வந்துகொண்டே இருந்தது. ப்ளக்கைக் கழட்டினேன். ஈரக் கறுப்பு.

"அண்ணே, ஆயில் மேல ஏறுது. பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு."

"பார்த்தா தெரியுதா செல்வம்?"

"ப்ளக்கு பொய் சொல்லாதுண்ணே."

முக்கு மெக்கானிக் அன்பரசு என்ஜினைப் பிரித்துப் பார்த்தார். ரிங்தான். அத்தோடு எங்கள் தெருவில் என் நிலைமையே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் ப்ளக்கைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஓர் அம்மா ப்ளக்கோடு மகன் ஜாதகத்தையும் கொண்டுவந்தார். இதைப் பார்த்துவிட்டு அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். "பிள்ளையாரைக் கும்புட்டுட்டு ஏர் ஃபில்டர மாத்துங்க" என்று ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன்.

ஊர் வண்டியெல்லாம் பார்த்தேனே தவிர, எங்கள் வீட்டு வண்டிகளைப் பார்க்கவில்லை. என்னுடைய பைக்கைத் திறக்க ஏனோ தோன்றவே இல்லை. அருள்மொழியின் ஸ்கூட்டரை ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் திறந்தேன். பழைய மாடல். மீட்டர் முள் ரெண்டு வருஷமாக அசையாது. கேபிள் அறுந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று நான் சொல்லியும் ரெண்டு வருஷம் ஆகிறது.

ப்ளக் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. எதிர்பார்த்ததுதான். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர்.

"பாரு, கரி. வண்டிய கொஞ்சம் வெரட்டி ஓட்டு அருளு. ஆமை மாதிரி போனா ப்ளக்கு இப்படித்தான் ஆவும்."

"வெரட்டி ஓட்டணுமா? சரி மாமா" என்றாள் அடக்கமாக.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து, கரியைத் தேய்க்கலாம் என்று அதே ப்ளக்கைக் கழட்டினேன். கரி இல்லை. வீடியோவில் காட்டுவதற்கென்றே செய்த மாதிரி அழகான பிஸ்கட் நிறம்.

வெள்ளிக்கிழமை கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட். நடுவில் இருப்பது ஒரே ஒரு நாள்தான்.

"அருளு, நேத்து வண்டிய எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எங்க?"

"மார்க்கெட்டு."

"எந்த மார்க்கெட்டு?"

"பான்பரி மார்க்கெட்டு. ஏன், வேற மார்க்கெட்டு தொறந்துட்டாங்களா?"

"எவ்ளோ நேரம் ஓட்டுன?"

"கத்திரிக்கா வாங்குற நேரம்."

"வேகமாப் போனியா?"

"கத்திரிக்கா ஓடியா போயிடும், வேகமாப் போறதுக்கு?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் ப்ளக்கைக் கழட்டிப் போனில் போட்டோ எடுத்தேன். கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். பிஸ்கட். அதற்கடுத்த வாரமும் அதே. பெட்ரோல் மாறியிருக்குமோ என்று டேங்கை முகர்ந்து பார்த்தேன். யாராவது வண்டியை இரவல் வாங்குகிறார்களோ என்று ஹெல்மெட்டை முகர்ந்து பார்த்தேன். அவள் தலையில் வைக்கிற மருக்கொழுந்து வாசனைதான் வந்தது. "வாசம் புடிச்சு முடிச்சுட்டீங்கன்னா குடுங்க மாமா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அன்பரசுவிடம் போனேன்.

"அன்பரசு, கரி புடிச்ச ப்ளக்கு தானா சுத்தமாவுமா?"

"ஆவும் சார். நல்ல ரோட்டுல கைய எடுக்காம நாப்பது அம்பது கிலோமீட்டர் ஓட்டுனா போதும். சூட்டுல கரி எரிஞ்சு போயிடும்."

"மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தா?"

"ஆவாது. யாரு வண்டி சார்?"

"சும்மா, பொதுவா கேட்டேன்."

"பொதுவாவா" என்றபடி அன்பரசு கீழே கிடந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. இருமல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டேன். கடலூர் நடுவில். நெல்லிக்குப்பம், பக்கம். பண்ருட்டி, போக வரச் சேர்த்தால் வரும். பாண்டிச்சேரி, அதுவும் அப்படியே. விழுப்புரம், வரும். சிதம்பரம், வரும். சிதம்பரத்தை எடுத்த எடுப்பிலேயே அடித்துவிட்டேன். சொந்த அம்மா வீட்டுக்குப் போகிறவள் புருஷனுக்குத் தெரியாமல் ஏன் போக வேண்டும்? பஸ்ஸில் மாசத்துக்கு ஒரு தரம் சொல்லிவிட்டே போய்க்கொண்டுதானே இருக்கிறாள்?

தப்பாக நினைக்காதீர்கள். அவள் மேல் எனக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது. நாற்பத்து மூணு வயசில் ஒருத்தி தனியாக ஸ்கூட்டரில் அம்பது கிலோமீட்டர் போகிறாள் என்றால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் எங்கே போகிறாள்? நீச்சல் கற்கிறாளா? நிலம் வாங்கியிருக்கிறாளா? எங்கேயாவது பாட்டுப் பாடுகிறாளா? அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்கிற நினைப்பே என்னைப் பிடுங்கித் தின்றது. ஆபீசில் யூரியா மூட்டைக் கணக்கில் விழுப்புரம் என்று எழுதிவிட்டேன்.

சிங்காரம் கேட்டான். "ஏன்டா இவ்ளோ யோசிக்கிற? சனிக்கிழம தெரு முக்குல நின்னு பாரேன்."

"நான் எப்படிடா நிக்கிறது? நான்தான் குமராட்சியில இருக்கேனே."

அதுதான் கொடுமை. கடலூர் ஜனத்தொகையில் சனிக்கிழமை வண்டிப்பாளையத்தில் நிற்க முடியாத ஒரே ஆள் நான். கடைசியில் கார்த்திகேசனைக் கவனிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ரிப்போர்ட் கொடுத்தார்.

"போனாங்க. வந்தாங்க."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"முக்குல திரும்புனாங்க."

எங்கள் தெருவுக்கு இருப்பது ஒரே முக்கு. மனுஷன் ஆலையில் முப்பது வருஷம் என்னதான் பார்த்தாரோ தெரியவில்லை.

சரி, நேரடியாகவே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். ஆதாரத்தைக் காட்டி, அவள் முழிப்பதைப் பார்த்து, அதன் பிறகு பெருந்தன்மையாக மன்னித்துவிடுவது. அந்த மன்னிப்பை வைத்து ஆயுசுக்கும் போண்டா சாப்பிடலாம். இப்படியெல்லாம் கனவு கண்டுகொண்டு நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை, கார்த்திகேசனைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, வாசலில் ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் அவள் ஸ்கூட்டர் ப்ளக்கை வைத்தேன். பக்கத்தில் போனில் வெள்ளிக்கிழமைப் போட்டோக்கள்.

அருள்மொழி ரெண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள்.

"யாருக்கு மாமா படையல்?"

"உக்காரு அருளு. இந்த ப்ளக்கு ஒண்ணு சொல்லுது."

"என்னா சொல்லுது?"

"வெள்ளிக்கிழம சாயந்தரம் இது கறுப்பு. இன்னிக்கு பிஸ்கட்டு. நாலு வாரமா இதே கத. மார்க்கெட்டுக்குப் போன வண்டியில இப்படி ஆவாது. நேத்து இந்த வண்டி நாப்பது கிலோமீட்டர் நிக்காம ஓடியிருக்குது."

"தப்பு" என்றாள்.

நான் கார்த்திகேசனைப் பார்த்தேன். இதோ முழிக்கப்போகிறாள் என்று கண்ணால் சொன்னேன்.

"நிக்காம ஒண்ணும் ஓடல. புதுச்சத்திரம் கிட்ட ஒரு வாட்டி நின்னுபோச்சு. வெள்ளிக்கிழம நீங்க ப்ளக்க நோண்டிட்டு மேல இருக்குற கேப்ப சரியா மாட்டாம உட்டுட்டீங்க. வெயில்ல நான்தான் எறங்கி அழுத்தி மாட்டுனேன்."

"புதுச்சத்திரமா? அங்க உனக்கென்னா வேல?"

"அங்க ஒரு வேலையும் இல்ல. சிதம்பரம் போற வழியில அது வந்துச்சு."

நான் காலண்டர் தாளில் முதலில் அடித்த ஊர்.

"அம்மா வீட்டுக்கா? அதுக்கு எதுக்கு எங்கிட்ட மறைச்ச?"

"மறைக்கிறதா? நான் எங்க மாமா மறைச்சேன்?" என்று கீழே உட்கார்ந்துகொண்டாள். "கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கும் அதே ரோடு, குமராட்சிக்கும் அதே ரோடு. ரெண்டு வருஷமா சனிக்கிழம சனிக்கிழம நானும் போறேன், நீங்களும் போறீங்க. எங்கயாச்சும் ஒரு எடத்துல பார்த்திருப்பீங்க, வேணும்னுதான் கண்டுக்காமப் போறீங்கன்னு நெனச்சேன். ஒரு நாளாச்சும் நான் உங்களையோ நீங்க என்னையோ ஓவர்டேக் பண்ணியிருக்க வேணாமா?"

கார்த்திகேசன் தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான்... சீக்கிரமே கெளம்பிடுவேன்."

"நீங்க கெளம்புறது ஒன்பதர. நான் கெளம்புறது ஒன்பதே முக்கா."

"அது... நான் வேற ரூட்டு. சுத்திப் போவேன்."

"சரி. சுத்தியே போனீங்க. அப்ப உங்க ப்ளக்கு என் ப்ளக்க விடவும் நல்ல பிஸ்கட்டா இருக்கணும் இல்ல? கழட்டுங்க, பார்க்கலாம்."

இந்த இடத்தில்தான் என் பைக்கைத் திறக்க எனக்கு இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று புரிந்தது. உள்ளே இருந்த ஏதோ ஒன்று என்னைவிட விவரமாக இருந்திருக்கிறது.

"அது எதுக்கு இப்ப? என்ஜின் சூடா இருக்கும்."

"நேத்து சாயந்தரம் நிறுத்துன வண்டி."

"ஸ்பானர் எங்க வெச்சேன்னு தெரியல."

"இந்தா செல்வம், ஒங்கிட்டயே இருக்குது" என்று ஸ்டூலுக்கு அடியிலிருந்து கார்த்திகேசன் எடுத்துக் கொடுத்தார். தெருவில் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று பார்க்கத் தெரியாத ஆளுக்கு ஸ்பானர் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

கழட்டினேன். ப்ளக் கறுப்பு. சாதாரணக் கறுப்பில்லை. தொட்டால் விரலோடு வந்தது. அருள்மொழி அதை வாங்கி, வெள்ளைத் துணியில் தன் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தெருவில் ப்ளக் காட்ட வந்திருந்த ரெண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ப்ளக்கு பொய் சொல்லாதுல்ல செல்வம்?" என்றார் கார்த்திகேசன்.

நான் விடவில்லை. "இதுல பல விஷயம் இருக்குதுண்ணே. காத்துப் போற வழி அடைச்சிருக்கலாம். கார்புரேட்டர்ல பெட்ரோல் ஜாஸ்தியா எறங்கலாம். ஹீட் ரேஞ்சுன்னு ஒண்ணு இருக்குது, கோல்டு ப்ளக்கு போட்டுட்டா—"

"எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா" என்றாள் அருள்மொழி. "நான் மீட்டர்தான் பார்ப்பேன்."

"எந்த மீட்டரு?"

"உங்க வண்டி மீட்டர். அது நல்லாத்தான ஓடுது? நீங்க சனிக்கிழம வந்ததும் வண்டிய நெழல்ல தள்ளி நிறுத்துறேன்னு நான் போவேனே, அப்ப பார்த்துக்குவேன். குமராட்சிக்குப் போவ வர நூத்தி இருவது கிலோமீட்டர் ஆவணும். உங்களுக்கு எட்டு ஆவுது. எட்டு கிலோமீட்டருக்கு எங்க போயிட்டு வரலாம்னு யோசிச்சேன். தேவனாம்பட்டினம் வந்துச்சு. சிங்காரம் அண்ணன் வீட்டு மாடியில நல்லா காத்து வருமாமே."

நான் நாலு வாரம் வட்டம் போட்டுக் குழம்பியது இது. அவள் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியைத் தள்ளி நிறுத்துகிற நேரத்தில் முடித்திருக்கிறாள்.

"அப்ப ஒன் வண்டி மீட்டர்..."

"அது அறுந்தெல்லாம் போவல. அன்பரசு கிட்ட சொல்லி கேபிள கழட்டி வெச்சேன். நான் ஒங்க மீட்டரப் பார்க்குறேன், நீங்க எம்மீட்டரப் பார்க்க மாட்டீங்கன்னு என்னா நிச்சயம்? சனிக்கிழமயானா காத்து, ஆயிலு எல்லாம் அவருதான் பார்த்து அனுப்புவாரு. நீங்க பொதுவா கேட்டதக்கூட அன்னிக்கே வந்து சொன்னாரு."

அன்பரசுவுக்கு வந்தது இருமல் இல்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். என் சுபாவம், கேட்டுவிட்டேன். "சனிக்கிழம கொத்சு?"

"எங்கம்மா வெச்சது. மாப்பிள்ள பாவம் குமராட்சியிலேர்ந்து களைச்சுப் போயி வருவாரேன்னு தூக்குல போட்டுக் குடுத்து உடுவாங்க. எங்கம்மா கொத்சவிட எங்கம்மா கொத்சு நல்லா இருக்குதுன்னு நீங்க ரெண்டு வருஷமா சொல்லிட்டுக் கெடக்கீங்க."

சாட்சி தட்டில் இருந்திருக்கிறது. நான் என்ஜினுக்குள் தேடியிருக்கிறேன்.

கார்த்திகேசன் எழுந்து போய்விட்டார். சிரிப்பை அவர் வீட்டுக்குள் போய்ச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அருள்மொழி சிரிக்கவில்லை. ரெண்டு ப்ளக்கையும் துணியில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"ஏன் சொல்லலன்னு கேட்டீங்க இல்ல? நீங்க வந்தா அம்மா விடியகாலையிலேர்ந்து அடுப்படியே கதின்னு நிப்பாங்க. மாப்பிள்ளைக்கு அது புடிக்கும், இது புடிக்கும்னு. நீங்க ஏணியில நின்னுட்டு மூஞ்சத் தூக்கி வெச்சுப்பீங்க. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல அல்லாடணும். நீங்க குமராட்சின்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நானும் அம்மாவும் சாப்புட்டுட்டு பாயப் போட்டு படுத்துட்டு பேசிட்டே கெடப்போம். போவ வர வண்டி ஓட்டுறது எனக்கு அவ்ளோ புடிக்கும் மாமா. வெள்ளாத்துப் பாலத்துல ஏறுனா காத்து அப்படியே ஆள தூக்கும். வாரத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நாளுதான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு ஒரு மாடி மாதிரி அவளுக்கு ஒரு பாலம். இது எனக்குத் தெரியாமலேயே போயிருக்கிறது.

"அருளு, ஒண்ணும் கெட்டுப் போவல. நீ எப்பவும்போல மார்க்கெட்டுக்குப் போ. நான் எப்பவும்போல குமராட்சிக்குப் போறேன்."

"அது எப்படி முடியும்? இவ்ளோ நாளு நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். நீங்கதான் வாசல்ல ஸ்டூல் போட்டு, துணி விரிச்சு, ஊரக் கூட்டிக் காமிச்சுட்டீங்க. இனிமே பார்க்காத மாதிரி எங்க இருக்கிறது?" ப்ளக்குகளை என் கையில் வைத்தாள். "வர்ற சனிக்கிழம நீங்களும் வர்றீங்க. நான் என் வண்டியில. நீங்க ஒங்க வண்டியில."

அடுத்த சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். அவள் முன்னால். நான் பின்னால். ஆலப்பாக்கம் தாண்டியதும் என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை. விரட்டி ஓட்டு என்று நான்தானே சொன்னேன். வெள்ளாற்றுப் பாலத்தில் அவள் துப்பட்டா நுனி மட்டும் தூரத்தில் தெரிந்தது. ஓவர்டேக் பண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டேன், முடியவில்லை.

மாமியார் வாசலிலேயே நின்றார். "வாங்க மாப்பிள. குமராட்சி முகாம ஆபீசுல எடுத்துட்டாங்களாமே? அருளு போன்ல சொல்லுச்சு. ரெண்டு வருஷம் வெயில்ல என்னா பாடு பட்டீங்களோ."

நான் அருள்மொழியைப் பார்த்தேன். அவள் அதற்குள் பாயை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். என் பொய்யைவிட நல்ல பொய். யாரும் மீட்டர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"உக்காருங்க மாப்பிள, களைச்சு வந்திருப்பீங்க" என்றார் மாமியார். உட்கார்ந்தேன். "டேங்க் கழுவி ரெண்டு வருஷமாச்சு. ஃபேன் நாலும் அப்படியே கெடக்குது. பரண்ல எலி வந்துடுச்சு போல, எல்லாத்தையும் எறக்கணும். மெதுவா ஆரம்பிங்க. அப்படியே அந்த சீரியல்ல நீங்க உட்ட எடத்துலேர்ந்து சொல்றேன்."

ரெண்டு வருஷம் என்பது சீரியலில் எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கல்யாணம் பண்ணிக்கொண்டவள் பிரிந்து, செத்து, பிழைத்து, வேறு முகத்தோடு திரும்பி வந்திருந்தாள். நான் டேங்குக்குள் நின்று எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன். கீழே கூடத்தில் அருள்மொழி படுத்துக்கொண்டு போனில் மகளிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, என் பைக் ப்ளக்கைக் கழட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குமராட்சிக்குப் போக ஆரம்பித்த ரெண்டு வருஷத்தில் முதல் முறையாக, குறை ஒன்றும் சொல்ல முடியாத பிஸ்கட் நிறம்.